தைராய்டு அறுவைக்குப் பின் கால்சியம் சரிவு: ஒரு நிகழ்வு ஆய்வு

தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்த நோயாளி வார்டுக்கு வந்ததும் செவிலியர் இரண்டு ஆபத்துகளை எதிர்பார்க்க வேண்டும். கழுத்துக்குள் ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அமுக்குவது முதலாவது. அது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். ரத்தத்தில் கால்சியம் சரிவது இரண்டாவது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வீட்டார் நிம்மதியாகி, வார்டிலும் கவனம் அடுத்த நோயாளிக்குத் திரும்பிய பிறகுதான் அது தலைகாட்டும். இங்கே எழுதுவது இந்த இரண்டாவதில் சிக்கி நல்லபடியாக மீண்ட ஒருவரைப் பற்றி. கால்சியம் சரிவின் முதல் அறிகுறி பெரும்பாலும் நோயாளியின் வாயிலிருந்துதான் வருகிறது. அதை அவர் சொல்ல வேண்டுமானால், எதைச் சொல்ல வேண்டும் என்று அறுவைக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பது செவிலியரின் வேலை என்பது என் உறுதியான கருத்து.

நோயாளி

36 வயதுப் பெண். வீட்டிலேயே தையல் வேலை செய்பவர், இரண்டு பிள்ளைகளின் தாய். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஊசியில் நூல் கோக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியிருக்கிறது. வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிட்டும் எடை 54 கிலோவிலிருந்து 46 கிலோவுக்கு இறங்கியிருக்கிறது. பரிசோதித்ததில் கிரேவ்ஸ் நோய் என்று தெரிந்தது. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தைராய்டை ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கும் நோய் அது. தைராய்டு ஹார்மோன் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை ஆரம்பித்தார்கள். சில மாதங்களில் படபடப்பு அடங்கியதும், சரியாகிவிட்டது என்று அவராகவே நிறுத்திவிட்டார். நோய் திரும்பியது, மாத்திரையும் திரும்பத் தொடங்கியது. மறுபடியும் நிறுத்தினார்.

எங்கள் வார்டில் சேர்ந்தபோது நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் 146/62. உள்ளங்கை சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. கண்கள் சற்றுப் பிதுங்கி, தூங்கும்போது இமை முழுதாக மூடவில்லை. முன்கழுத்துக் கழலை (வீங்கிய தைராய்டு) பெரியது. இட்லியைக்கூடத் தண்ணீர் குடித்துத்தான் விழுங்கினார். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்ட மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு மிகையானால் இது குறையும்) 0.01-க்கும் கீழே இருந்தது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் எவ்வளவு என்று காட்டும் ஃப்ரீ டி4 4.2 நானோகிராம் (இயல்பு ஏறத்தாழ 0.8 முதல் 1.8 வரை). கழலை மூச்சுக்குழாயை ஒரு பக்கம் தள்ளியிருந்தது, மாத்திரையாலும் நோய் நிற்கவில்லை. கண் பாதிப்பு இருக்கும்போது கதிரியக்க அயோடின் கொடுத்தால் கண் இன்னும் மோசமாகலாம். எல்லாவற்றையும் யோசித்து, சுரப்பியை முழுவதுமாக எடுப்பது என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள்.

கேஸ் ஷீட்டில் இன்னும் இரண்டு எண்கள் இருந்தன. வைட்டமின் டி 11 நானோகிராம்தான், நன்றாகவே குறைவு. எலும்பு வேகமாக மாறும்போது ரத்தத்தில் ஏறும் நொதியான அல்கலைன் பாஸ்படேஸ் 212, அதிகம். தைராய்டு ஹார்மோன் பல மாதங்கள் மிகையாக இருந்தால் எலும்பு வேகமாகக் கரைந்துகொண்டே இருக்கும். சுரப்பியை எடுத்ததும் அந்தக் கரைப்பு நின்றுவிடும். அதுவரை இழந்த கால்சியத்தை எலும்பு ரத்தத்திலிருந்து திரும்ப இழுக்க ஆரம்பிக்கும். மருத்துவர்கள் இதைப் பசித்த எலும்பு நிலை என்பார்கள். அல்கலைன் பாஸ்படேஸ் உயர்ந்து, வைட்டமின் டி குறைந்து இருக்கும் நோயாளிக்கு இந்த நிலை வர வாய்ப்பு அதிகம். ஆகவே கால்சியம் சரியலாம் என்பது அறுவைக்கு முன்பே எங்களுக்குத் தெரியும். வைட்டமின் டி 60,000 யூனிட் சாஷே வாரம் ஒன்று என்று ஆரம்பித்தோம்.

அறுவைக்குத் தயார் செய்தது

தைராய்டு மிகையாக இருக்கும்போதே கத்தி வைத்தால், காய்ச்சலும் நாடியும் கட்டுக்கடங்காமல் ஏறும் தைராய்டு புயல் என்ற உயிராபத்து வரலாம். அதனால் முதலில் மருந்தால் அடக்க வேண்டும். கார்பிமசோல் தினமும் 30 மி.கி., நாடித்துடிப்பையும் படபடப்பையும் அடக்கும் புரோப்ரனலால் 40 மி.கி. மூன்று வேளை. ஆஸ்துமா இல்லை என்று கேட்டு உறுதி செய்த பிறகே புரோப்ரனலால் கொடுத்தோம். சில நாள் வார்டில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னோம். தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வரவேண்டும். கார்பிமசோல் அரிதாக வெள்ளை அணுக்களை ஒரேயடியாகக் குறைத்துவிடும். அந்தக் காய்ச்சலுக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பது ஆபத்து.

ஆறு வாரம் கழித்து மறுபடி சேர்ந்தபோது ஃப்ரீ டி4 1.5-க்கு வந்திருந்தது. டிஎஸ்எச் இன்னும் எழவில்லை. அது எழ மாதக்கணக்காகும் என்பதால் அறுவைக்கு அதைக் காத்திருப்பதில்லை. அறுவைக்கு முந்தைய பத்து நாள் லூகால்ஸ் அயோடின் கரைசல் ஐந்து சொட்டு, மூன்று வேளை. சுரப்பிக்குப் போகும் ரத்த ஓட்டம் இதனால் குறையும், அறுவையில் ரத்தக் கசிவும் குறையும். 1923-இல் மேயோ கிளினிக்கின் ஹென்றி பிளம்மர் இந்த முறையைக் கொண்டுவந்தார். கார்பிமசோல் நன்றாகப் பிடித்த பிறகுதான் அயோடின் கொடுக்க வேண்டும். முந்திக் கொடுத்தால் அதே அயோடின் சுரப்பிக்குத் தீனியாகிவிடும். பல்லில் கறை படியும் என்பதால் பாலில் கலந்து ஸ்டிராவில் குடிக்கச் சொன்னோம்.

இந்த நாட்களில் நான் மிகவும் நம்பியது தூங்கும்போது எண்ணும் நாடியை. விழித்திருக்கும்போது எண்ணினால் அறுவை பற்றிய பயமும் அதில் கலந்துவிடும். விடிகாலை நான்கு மணிக்கு, எழுப்பாமல், மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். முதலில் 100-ஐத் தாண்டியிருந்தது, அறுவைக்கு முந்தைய இரவு 76-க்கு வந்திருந்தது. செலவில்லாத பரிசோதனை இது. இரவு டூட்டியில் இருக்கும் செவிலியரைத் தவிர வேறு யாராலும் செய்யவும் முடியாது.

வெயில் தாங்கவில்லை என்றதால் மின்விசிறிக்குக் கீழே, ஜன்னல் ஓரத்தில் கட்டில் கொடுத்தோம். கண்ணுக்குப் பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு, தலைமாடு உயரம். காபியைக் குறைத்து, முட்டை, சுண்டல், வாழைப்பழம் என்று இடையிடையே சாப்பிடச் சொன்னோம். காது மூக்கு தொண்டைப் பிரிவில் குரல்நாண்கள் நன்றாக அசைகின்றன என்று பார்த்து எழுதி வாங்கியாயிற்று.

முந்தைய நாள் மாலை அவரையும் அவர் கணவரையும் உட்கார வைத்துப் பேசினேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். படுக்கையிலிருந்து எழும்போது இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துத் தலையைத் தாங்கி எழ வேண்டும் என்று செய்து காட்டி, அவரையும் செய்ய வைத்தேன். ஒன்றிலிருந்து இருபது வரை சத்தமாக எண்ணச் சொல்லி அவர் குரலைக் கேட்டுவைத்துக்கொண்டேன். அறுவைக்குப் பின் குரல் மாறியிருக்கிறதா என்று சொல்ல, முன்பு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமே! அப்புறம் சொல்லவேண்டிய அறிகுறிகள். கழுத்து இறுகுவதுபோல இருந்தால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், மூச்சு முட்டினால் அந்த நிமிடமே கூப்பிட வேண்டும். உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மரத்துப்போனாலும், குறுகுறுத்தாலும், கை விரல்கள் இழுத்துக்கொண்டாலும், எந்த நேரமானாலும் சொல்ல வேண்டும்.

“ராத்திரி ரெண்டு மணின்னாலும் எழுப்பலாமா சிஸ்டர்?” என்று கேட்டார்.

“நாங்க தூங்க மாட்டோம்மா. நீங்க கூப்பிடுங்க.”

முதல் இரவு

அறுவை மூன்று மணி நேரம் நடந்தது. நான்கு பாராதைராய்டுகளில் மூன்றைக் கண்ணால் பார்த்து, ரத்த ஓட்டத்தோடு விட்டிருப்பதாக அறுவைக் குறிப்பில் இருந்தது. தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும், அரிசிமணி அளவே உள்ள இந்தச் சுரப்பிகள்தான் ரத்தக் கால்சியத்தை நிலைநிறுத்துபவை. ஸ்வீடனில் மருத்துவ மாணவராக இருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம் 1880-இல் இவற்றை விவரித்து எழுதினார். தைராய்டு அறுவையைப் பாதுகாப்பானதாக மாற்றிய தியோடர் கோக்கர் 1909-இல் நோபல் பரிசு பெற்றார். பாராதைராய்டை எடுத்தால் வரும் தசை இழுப்பைக் கால்சியம் கொடுத்து நிறுத்தலாம் என்று மெக்கலமும் வோக்ட்லினும் காட்டியதும் அதே 1909-இல்தான். இன்று வார்டு அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கால்சியம் ஊசி மருந்து ஆம்பூல் அந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சி.

கட்டில் அருகே ஆக்சிஜன், சக்‌ஷன், டிரக்கியாஸ்டமி செட் (கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைக்கும் கருவிகள்), தையல் பிரிக்கும் கத்தரி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், கால்சியம் குளுகோனேட் எல்லாம் எடுத்து வைத்தோம். தலைமாடு 30 பாகை உயரம். முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, பிறகு அரை மணிக்கு, பிறகு மணிக்கு ஒரு முறை நாடி, அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன் அளவு பார்த்தோம். ஒவ்வொரு முறையும் கழுத்தின் முன்புறம் மட்டுமல்லாமல் பிடரிக்குக் கீழே கை விட்டும் பார்க்க வேண்டும். முன்னே கட்டு உலர்ந்திருக்கும், கசிந்த ரத்தம் பின்னால் வழிந்து தலையணையில் தேங்கியிருக்கும்.

காயத்தில் கசியும் ரத்தத்தை வெளியேற்ற வைத்த டிரெய்ன் குழாயில் 40 மி.லி. வந்திருந்தது. டிரெய்னை நம்பி யாரும் கழுத்தைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. உறைந்த ரத்தம் குழாயை அடைத்துவிட்டால் குடுவை காலியாகவே இருக்கும், கழுத்து மட்டும் வீங்கும். 2022-இல் பிரிட்டனின் மயக்கவியல், தைராய்டு அறுவை, காது மூக்கு தொண்டை மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் கவனிக்க வேண்டிய அறிகுறிகளை வரிசையாகச் சொல்கிறது: விழுங்கச் சிரமம், முக்கிய அளவீடுகள் மோசமாதல், கழுத்து வீக்கம், பதற்றம், வேகமான மூச்சு, மூச்சிழுக்கும்போது சத்தம். இதில் பதற்றம் இடம்பெற்றிருப்பதை இளம் செவிலியர்கள் மனதில் வைக்க வேண்டும். மானிட்டரில் ஆக்சிஜன் 98 என்று காட்டும்போதே நோயாளி எழுந்து உட்கார்ந்து, என்னவோ செய்கிறது என்று தவிப்பார். அதைப் பயம் என்று எண்ணி ஊசி போட்டுத் தூங்க வைப்பது உயிரைப் பறித்துவிடும். மூச்சு அடைத்தால் ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடாமல், படுக்கையிலேயே தையலைப் பிரித்து ரத்தக்கட்டை வெளியேற்ற வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

இவருக்கு அப்படி எதுவும் நேரவில்லை. இரவு குமட்டல் வந்ததும் ஒண்டான்செட்ரான் கொடுத்தோம். ஓங்கரித்தால் கழுத்தில் அழுத்தம் ஏறி ரத்தக் கசிவு தொடங்கலாம். 100 டிகிரி காய்ச்சலும் நாடி 108-ம் இருந்தன. புயலின் தொடக்கமோ என்று மருத்துவரை அழைத்தோம். பாராசிட்டமால் கொடுத்து, புரோப்ரனலாலைத் தொடர்ந்தோம். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, அது புரதத்தோடு ஒட்டியிருக்கும் தைராய்டு ஹார்மோனை விடுவித்துவிடும். விடியும்போது நாடி 90. குரல் கொஞ்சம் கரகரப்பு, ஆனால் இருபது வரை தடையில்லாமல் எண்ணினார்.

இரண்டாம் இரவு

அறுவை முடிந்து 24 மணி நேரத்தில் எடுத்த ரத்தக் கால்சியம் 8.0 மி.கி. (இயல்பு 8.5 முதல் 10.5 வரை). கால்சியம் மாத்திரை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பகலில் இட்லி சாப்பிட்டார், நடந்தார், பிள்ளைகளோடு போனில் பேசினார். மாலை ஹேண்டோவரில் ‘நன்றாக இருக்கிறார்’ என்றார்கள். அது உண்மைதான். ஆனால் கால்சியம் அடிமட்டத்துக்குப் போவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில். 8.0 என்பது இறங்கிக்கொண்டிருக்கும் வழியில் எடுத்த எண். அடுத்த பரிசோதனை மறுநாள் காலைதான்.

இரவு பதினொரு மணி சுற்றில் எப்படி இருக்கீங்க என்று பொதுவாகக் கேட்டபோது, பரவாயில்லை என்றார். உதடு, விரல் எல்லாம் எப்படி இருக்கு என்று குறிப்பாகக் கேட்டேன்.

“உதட்டச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு சிஸ்டர். சாயங்காலமே லேசா இருந்துச்சு. இவருதான் மயக்க மருந்து இன்னும் இறங்கலன்னாரு. நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு, கூப்பிடலாமான்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

விரல் நுனிகளிலும் அதே உணர்வு. காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் தட்டியதும் மேலுதடு துடித்தது. இது ஷ்வோஸ்டெக் குறி. நல்ல உடல்நிலையில் உள்ள சிலருக்கும் இது இருக்கும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அழுத்தமானியின் பட்டையைக் கையில் கட்டி, மேல் அழுத்தத்துக்கு 20 புள்ளி மேலே மூன்று நிமிடம் நிறுத்திப் பார்க்கும் ட்ரூசோ குறி நம்பகமானது. இவருக்கு இரண்டாவது நிமிடத்திலேயே கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் நீண்டு குவிந்துகொண்டன. பட்டையை உடனே தளர்த்தினேன்.

அதைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் காரத்தன்மை ஏறும், செயல்படும் நிலையில் உள்ள கால்சியம் இன்னும் குறையும், இழுப்பு கூடும். அதனால் ஆறுதலாகப் பேசுவதும் இங்கே சிகிச்சைதான். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மூச்சை விடச் சொன்னேன். இது என்ன, எதனால் வந்தது, மருந்து கைவசம் இருக்கிறது, பத்து இருபது நிமிடத்தில் குறையும் என்று எளிமையாகச் சொன்னேன். இன்னொரு செவிலியர் பணி மருத்துவரை அழைத்து, ரத்தம் எடுத்து, இசிஜி இணைத்தார்.

கால்சியம் 6.8. ரத்தத்தில் கால்சியம் ஒட்டியிருக்கும் புரதமான ஆல்புமின் 3.4 என்பதால் திருத்திக் கணக்கிட்டால் சுமார் 7.3. மெக்னீசியம் 1.5, குறைவு. இசிஜியில் க்யூடி இடைவெளி (இதயத்தின் கீழறைகள் ஒரு துடிப்பில் சுருங்கி மீள எடுக்கும் நேரம்) நீண்டு 490 மில்லி விநாடி. பிறகு வந்த முடிவுகளில் பாஸ்பேட் 2.1 மி.கி.தான், பாராதைராய்டு ஹார்மோன் இயல்பு அளவில் 48. பாராதைராய்டு செயலிழந்திருந்தால் ஹார்மோன் குறைந்து பாஸ்பேட் உயர்ந்திருக்கும். இங்கே சுரப்பிகள் வேலை செய்கின்றன, எலும்புதான் இழுத்துக்கொள்கிறது. நாங்கள் எதிர்பார்த்த பசித்த எலும்பு நிலையேதான்.

10 சதவீதக் கால்சியம் குளுகோனேட் 20 மி.லி.யை 100 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில் கலந்து 20 நிமிடத்தில் ஏற்றினோம். இந்த மருந்தை ஏற்றும்போது கட்டிலை விட்டு நகரக் கூடாது. வேகமாகப் போனால் இதயத் துடிப்பு குறைந்து நின்றுபோகும் அபாயம் உண்டு. ரத்த நாளத்துக்கு வெளியே கசிந்தால் தோல் வெந்து அழுகிவிடும். ஆகவே புறங்கையில் இருந்த பழைய மெல்லிய கான்யுலாவை (டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) விட்டுவிட்டு, முன்கையில் நல்ல ரத்த நாளத்தில் புதிதாகப் போட்டு, சலைன் தள்ளிப் பார்த்த பிறகே இணைத்தோம். எரிச்சல் தெரிந்தால் உடனே சொல்லச் சொல்லியிருந்தோம். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை இதே லைனில் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்து படிகமாகிவிடும். அறுவை வார்டுகளில் அந்த ஊசி சர்வ சாதாரணம் என்பதால் லைனில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். பைகார்பனேட்டும் இதோடு சேரக் கூடாது.

கால் மணி நேரத்தில் உதட்டுக் குறுகுறுப்பு குறைந்தது. ஒரு முறை ஏற்றும் கால்சியம் சில மணி நேரம்தான் தாங்கும். அதனால் 100 மி.லி. கால்சியம் குளுகோனேட்டை ஒரு லிட்டர் டெக்ஸ்ட்ரோஸில் கலந்து மணிக்கு 50 மி.லி. என்று பம்பில் ஓடவிட்டோம். மெக்னீசியம் தனியாக ஏற்றினோம். அது குறைந்திருந்தால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் நிற்காது. வாய்வழியாகக் கால்சியம் கார்பனேட் மூன்று வேளை, வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவமான கால்சிட்ரியால் 0.5 மைக்ரோகிராம் இரண்டு வேளை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்தோம். காலையில் 7.6, மறுநாள் மாலை 8.1. மூன்றாம் நாள் டிரிப்ஸை மெதுவாகக் குறைத்து நிறுத்தினோம்.

அன்று இரவு நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டாலும், சற்று நேரத்தில் அவரே கூப்பிட்டிருப்பார் என்று நம்புகிறேன். முந்தைய மாலை பேசியது அவருக்கு நினைவிருந்தது. எதுவும் சொல்லப்படாத நோயாளி அதை மயக்க மருந்தின் மிச்சம் என்று நினைத்துத் தூங்கியிருப்பார். தொண்டை இறுக்கமோ வலிப்போ வந்த பிறகுதான் நமக்குத் தெரிந்திருக்கும். எங்கள் கவனிப்புத் தாளில் நாடிக்கும் அழுத்தத்துக்கும் கட்டம் இருந்தது, குரலுக்கும் குறுகுறுப்புக்கும் இல்லை. இப்போது கையால் இரண்டு கோடு போட்டுச் சேர்த்துக்கொள்கிறோம். அச்சிட்ட தாளிலேயே அவை வரவேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது

எடை 48 கிலோ. கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்ற கணக்கில், எடுத்த சுரப்பிக்கு ஈடாகத் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் தினமும் 75 மைக்ரோகிராம். அவருக்குச் சொல்லவேண்டியதில் மிகக் கடினமானது இந்த மாத்திரை பற்றித்தான். கார்பிமசோலை நன்றாக இருக்கிறது என்று நிறுத்தும் பழக்கம் உள்ளவர். தைராக்சினின் பாதி அளவு உடலில் கழிய ஏழு நாள் ஆகும். நிறுத்தினாலும் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. அந்த ஏமாற்றை அவரிடம் வெளிப்படையாகச் சொன்னோம்: சுரப்பியே இப்போது இல்லை, இந்த மாத்திரைதான் சுரப்பி. கணவர் காதிலும் போட்டு வைத்தோம்.

தைராக்சினும் கால்சியமும் ஒரே நேரத்தில் போனால் கால்சியம் தைராக்சினைப் பிடித்துவைத்துவிடும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்துவிடுவேன் என்றார். அப்போதே வெறும் வயிற்றில் தைராக்சின், வெறும் தண்ணீரோடு. காபி அரை மணி நேரமாவது கழித்து. காலைச் சாப்பாடு பத்து மணிக்கு, அதோடு முதல் கால்சியம், பிறகு மதியச் சாப்பாட்டோடு, இரவுச் சாப்பாட்டோடு. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே இடைவெளி என்று எழுதிக் கொடுத்தோம். அவருடைய நாளைக் கேட்டு அதற்குள் மாத்திரையைப் பொருத்தினால்தான் மாத்திரை உள்ளே போகும்.

முட்டைக்கோஸ் சாப்பிடலாமா, உப்பை மாற்றணுமா என்று மாமியார் கேட்டார். எடுத்த சுரப்பியைக் கோஸ் ஒன்றும் செய்யாது, தாராளமாகச் சாப்பிடலாம். வீட்டில் அயோடின் உப்பே இருக்கட்டும், பிள்ளைகளுக்கு அது வேண்டும். டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-இல் இமாச்சலின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பால் அங்கே கழலை குறைவதைக் காட்டியது. ஒருவருக்கு கிரேவ்ஸ் நோய் என்பதற்காகக் குடும்பமே அந்த உப்பை விடத் தேவையில்லை.

கண் சிகிச்சை தொடரவேண்டும். வீட்டுக்குள் பீடிப் புகை கூடாது என்று கணவரிடம் சொன்னோம், புகை கிரேவ்ஸ் கண்ணை மோசமாக்கும். உதட்டுக் குறுகுறுப்பு திரும்பினால் வரவேண்டிய இடத்தையும், வார்டின் போன் எண்ணையும் மாத்திரை அட்டையிலேயே எழுதினோம்.

ஆறு வாரம் கழித்து வந்தபோது கால்சியம் 9.0, டிஎஸ்எச் 3.1, குரல் தெளிவு, எடை 51. கால்சிட்ரியாலைக் குறைக்க ஆரம்பித்தார்கள், கால்சியம் இரண்டு வேளையானது. தைராக்சின் அதே அளவில் தொடர்கிறது. கண் பிரிவில் அடுத்த பரிசோதனை இரண்டு மாதம் கழித்து.